மொய்க் கணக்கும் எம்.எஸ். டாஸும்: ஒரு வீட்டுக் கணினியின் பத்து மாத நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வீட்டில் 2024 நவம்பர் முதல் 2025 ஆகஸ்ட் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டின் பெரியவருக்கு அப்போது வயது 76. கூட்டுறவுக் கடன் சங்கமொன்றில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவர். 1995-இல் சேமிப்பிலிருந்து ஒரு 486 கணினி வாங்கினார். 66 மெகாஹெர்ட்ஸ் செயலி, 8 எம்.பி. நினைவகம், 420 எம்.பி. ஹார்டு டிஸ்க், எம்.எஸ். டாஸ் 6.22 (விசைப்பலகையில் கட்டளை அடித்து இயக்கும், மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளம்), ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்பவையே அதன் மொத்த உடைமை. கூடவே விண்டோஸ் 3.11-ம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை அவர் தொட்டதே இல்லை.

அந்தக் கணினியில் அவர் இரண்டு வேலைகளை மட்டும் செய்து வந்தார். கடிதங்களையும் மனுக்களையும் வேர்ட்ஸ்டாரில் அடித்தார். குடும்பத்தின் மொய்க் கணக்கை, ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருளில் தாமே எழுதிய ஒரு நிரலில் வைத்திருந்தார். இந்த இரண்டாவது வேலையின் எடையை வெளியூர் வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். அழைத்தவர் விருந்து வைப்பார். வந்தவர்கள் பணம் வைப்பார்கள். வைத்த பணத்தை அவரவர் முறை வரும்போது, வழக்கமாகக் கொஞ்சம் கூட்டியே, திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாத கடன் அது. எழுத்து ஒப்பந்தம் கிடையாது. நோட்டு மட்டுமே சாட்சி. யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில் பிழை நேர்ந்தால் பணம் போவதோடு உறவும் போகும்.

அந்த நிரலில் 412 குடும்பங்களுக்கு ஆளுக்கொரு குறியீட்டு எண் இருந்தது. பெயர்களை ஆங்கிலப் பேரெழுத்துகளில் பதிந்திருந்தார். டாஸின் உரைத்திரையில் வழக்கமாக ஒரே நேரத்தில் 256 எழுத்துருவங்களுக்குத்தான் இடம் உண்டு. தமிழைக் காட்ட அந்நாளில் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை போன்ற தனி வன்பொருளோ தனி மென்பொருளோ வேண்டியிருந்தது. அந்தச் செலவை அவர் செய்யவில்லை.

கோளாறு

2024 நவம்பர் மூன்றாம் வாரம், அடைமழைக் காலத்தில், ஒரு நாள் கணினி திரையில் எழுத்து வந்ததோடு நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கூப்பிட்ட உள்ளூர்ப் பணியாளர், இந்த ரகத்துக்கு இனி உதிரி கிடைக்காது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்று சொல்லிப் போனார். பெரியவரின் மகன் எனக்குப் பழக்கமானவர் என்பதால், கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்த்துக்கொள்ளும் என்னை அழைத்தார்.

நான் போய்ப் பார்த்தபோது மதர்போர்டில் பற்றவைத்திருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, அருகிலிருந்த செப்புத் தடங்களில் பச்சை பூத்திருந்தது. பேட்டரி இறந்ததால், கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரலான பயாஸ் தன் அமைப்புகளை மறந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கின் உருளை, தலை, பிரிவு (சிலிண்டர், ஹெட், செக்டார்) எண்ணிக்கைகள் இல்லாமல் பயாஸால் டிஸ்க்கைத் தேட முடியவில்லை. அந்த எண்கள் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் இருந்தன. ஆனால் அவற்றை உள்ளிட்டு அங்கேயே இயக்கிப் பார்க்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துச் சென்று, ஆய்வகத்திலிருந்த ஐ.டி.இ. என்ற பழைய வகை டிஸ்க் இணைப்புள்ள கணினியில் மாட்டி, முழு டிஸ்க்கையும் ஒரு படிமக் கோப்பாக நகலெடுத்தேன். 12 பிரிவுகளை வாசிக்க முடியவில்லை. நல்லவேளையாக அவை விண்டோஸ் 3.11 இருந்த இடத்தில் இருந்தன. 29 ஆண்டுகளின் கணக்கும் கடிதங்களும் சேர்ந்து 9 எம்.பி. அளவே இருந்தன.

பிறகு பேட்டரியை வெட்டியெடுத்து, கசிவை எலுமிச்சைச் சாற்றாலும் ஆல்கஹாலாலும் துடைத்து, வெளியே ஒரு பேட்டரிப் பெட்டி இணைத்ததும் கணினி உயிர் பெற்றது. ஆனால் ஃபிளாப்பி டிரைவ் வேலை செய்யவில்லை. பிரிண்டரில் இரண்டு ஊசிகள் விழவில்லை. அவர் காப்பு நகல் எடுத்து வைத்திருந்த 14 ஃபிளாப்பிகளில் ஐந்து மட்டுமே முழுதாக வாசிக்கக் கிடைத்தன. 3.5 அங்குல ஃபிளாப்பித் தயாரிப்பை சோனி நிறுவனம் 2011-லேயே நிறுத்திவிட்டது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று பழுதடைந்தவை பேட்டரி, டிரைவ், பிரிண்டர் ஆகியவையே. டாஸில் ஒரு பிழையும் இல்லை, ஃபாக்ஸ்புரோவிலும் இல்லை. 1994-இல் வெளிவந்த ஓர் இயங்குதளம் தனக்குக் கொடுத்த வேலையை 2024-லும் அப்படியே செய்துகொண்டிருந்தது. ஆகவே, டாஸ் பழையது, எனவே மாற்ற வேண்டும் என்ற மகனின் வாதத்தை நான் உடனே ஏற்கவில்லை.

முதல் முயற்சி: புதிய மடிக்கணினி

டிசம்பர் தொடக்கத்தில் மகன் விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்தார். அதில் டாஸைத் தொடக்க வழியில்லை. டாஸ் தன் திரைக்கும் விசைப்பலகைக்கும் டிஸ்க்குக்கும் பழைய பயாஸின் சேவைகளையே நம்பியிருக்கிறது; இப்போதைய கணினிகள் பலவற்றில் பயாஸுக்குப் பின் வந்த யூ.இ.எஃப்.ஐ. மட்டுமே இருக்கிறது, பழைய பயாஸைப் போல நடந்துகொள்ளும் பகுதியை நீக்கிவிட்டார்கள். 64 பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் நேரடியாக ஓடா என்பதால் ஃபாக்ஸ்புரோவையும் அப்படியே போட முடியாது. எனவே மொய்க் கணக்கின் டிபிஎஃப் கோப்புகளை (ஃபாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் கோப்பு வகை) லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து, விரிதாளாக மாற்றிக் கொடுத்தோம். கோப்புகள் எந்தச் சிக்கலுமின்றித் திறந்தன.

மூன்று வாரம் கழித்துப் போனபோது விரிதாளில் ஒரு வரி கூடக் கூடியிருக்கவில்லை. அந்த மூன்று வாரத்துக் கணக்கு முழுவதும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது.

நான் அருகில் உட்கார்ந்து அவரைப் பதிய வைத்துப் பார்த்தேன். கைநடுக்கம் காரணமாக டச்பேடில் சுட்டி நினைத்த கட்டத்தில் நிற்கவில்லை. இரண்டு முறை, தெரியாமல் வேறொரு கட்டத்தின் தொகை மேல் எழுதிவிட்டார்; விரிதாள் அதை மறுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நடுவில் புதுப்பிப்பு அறிவிப்பொன்று வந்து நின்றபோது, அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் மடிக்கணினியை மூடிவிட்டார். அதே பதிவைப் பழைய கணினியில் செய்யச் சொன்னேன். குறியீட்டு எண், என்டர், தொகை, என்டர், ‘ஒய்’. கை விசைப்பலகையை விட்டு நகரவில்லை. எண்ணை அடித்ததும் பெயர் திரையில் வந்தது. இல்லாத எண்ணை நிரல் ஏற்கவில்லை. நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி. கண்ணில் புரை வளர்ந்திருந்த அவரால் அதைக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

“தம்பி, அதுல நான் அதைக் கேக்குறேன். இதுல இது என்னையக் கேக்குது” என்றார். மடிக்கணினியில் வேலையின் வரிசை அவர் கையில் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். வயதானவர் புதியதைக் கற்க மறுக்கிறார் என்று குடும்பத்தார் எடுத்துக்கொண்டது தவறு என்று அன்றே எனக்குப் பட்டது. அவர் 1995-இல் தம் தேவைக்கென்று செய்துகொண்ட கருவியை எடுத்துவிட்டு, பொதுத் தேவைக்கான ஒன்றை நாங்கள் கொடுத்திருந்தோம்.

இரண்டாம் முயற்சி: ஃப்ரீடாஸ்

ஜனவரியில், உறவினர் கடையில் சும்மா இருந்த 2011-ஆம் ஆண்டு மேசைக் கணினியில் ஃப்ரீடாஸ் 1.3-ஐ நிறுவினேன். மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்தபோது, 1994 ஜூனில் ஜிம் ஹால் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் அது. இன்றும் பராமரிக்கப்படுகிறது, டாஸ் நிரல்களை அப்படியே ஓட்டுகிறது. பெரியவரின் கைப்பழக்கம் மாறாது, வன்பொருள் மட்டும் புதிதாகும் என்பதே நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம். அந்தத் தேர்வு என்னுடையது. அது பத்து நாள்தான் நின்றது.

முதல் தடை, ஃபாக்ஸ்புரோ தொடங்கும்போதே பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று சொல்லி நின்றது. அக்காலத்து நிரல்கள் பலவும் தொடக்கத்தில் ஒரு வெற்றுச் சுழற்சியை ஓட்டி, அது முடிய ஆகும் நேரத்தைக் கொண்டு கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். வேகமான செயலியில் அந்த நேரம் பூஜ்யமாகிவிடுவதால் வகுத்தல் உடைகிறது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்களில் 200-ஆம் எண் பிழையாக இதைப் போன்றதொன்றைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். இதற்குத் திருத்தம் உண்டு, போட்டேன், சரியானது.

மற்றவை சரியாகவில்லை. வீட்டிலிருந்த யூ.எஸ்.பி. லேசர் பிரிண்டர், பக்கத்தை வரைந்து அனுப்பும் பொறுப்பைக் கணினியிடமே விட்டுவிடும் வகை. டாஸ் அனுப்பும் வெறும் எழுத்துகளை அது புரிந்துகொள்ளாது. பென்டிரைவ், கணினியைத் தொடக்கும்போதே செருகியிருந்தால் மட்டும் ஒரு டிரைவாகத் தெரிந்தது. இடையில் செருகினால் தெரியவில்லை. இடையில் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை ஒன்பதாம் நாள் பார்த்தோம்: காப்பு நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போது பேரன் பென்டிரைவை எடுத்துவிட, அதிலிருந்த கோப்பு அட்டவணை கெட்டுப்போனது. மூலக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 29 ஆண்டுக் கணக்கை இப்படியொரு ஏற்பாட்டில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பத்து நாளில் எனக்குத் தெளிவானது இது. நிரலும் அதை இயக்கும் கைப்பழக்கமும் இந்த வீட்டுக்கு இன்னும் பொருந்துகின்றன. ஆனால் கணினியின் அடித்தளத்தில் டாஸ் நேரடியாக உட்காருவது பொருந்தவில்லை. இந்தக் கால அச்சுப்பொறியும் பென்டிரைவும் பிணையமும் பேசும் மொழி அதற்குத் தெரியாது. டாஸ் பயன்படுமா என்று ஒரே கேள்வியாக இதைக் கேட்டதால்தான் நவம்பரிலிருந்து பெரியவரும் மகனும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள் என்று தோன்றுகிறது.

மூன்றாம் முயற்சி: லினக்ஸின் மேல் டாஸ்

பிப்ரவரியில் அதே மேசைக் கணினியில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, அதன் மேல் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற எமுலேட்டரை (பழைய டாஸ் கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) வைத்தேன். கணினியைப் போட்டால் வேறு எதையும் காட்டாமல், திரை முழுவதும் எமுலேட்டர் வந்து, மொய் நிரலின் முதல் பக்கத்தில் நிற்கும்படி அமைத்தேன். வேகத்தை ஏறத்தாழ 486 அளவுக்குக் குறைத்து வைத்ததால் திருத்தமில்லாத மூல ஃபாக்ஸ்புரோவே ஓடியது. நிரல் பிரிண்டருக்கு அனுப்பும் எழுத்துகளை எமுலேட்டர் ஒரு கோப்பில் பிடித்து வைக்கும். சில வரி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒன்று அதை லேசர் பிரிண்டருக்கு அனுப்பும். இரவு தோறும் கோப்புகள் பென்டிரைவுக்கும், மகன் வீட்டுக் கணினிக்கும் தாமாகவே நகலாகும்.

32 பிட் விண்டோஸ் 10 போட்டிருந்தால் டாஸ் நிரல்கள் எமுலேட்டர் இல்லாமலே ஓடியிருக்குமே என்று மகன் கேட்டார். ஓடியிருக்கும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவதாக அறிவித்திருந்தார்கள்; எட்டு மாதத்தில் மறுபடியும் இதே வேலையைத் தொடங்க நேரிடும் என்பதால் அந்த வழியை விட்டுவிட்டோம்.

பெரியவர் முதல் நாளே, எந்தப் பயிற்சியும் இல்லாமல், காலண்டர் தாளில் எழுதி வைத்திருந்த இரண்டு மாதப் பதிவுகளையும் உள்ளிட்டு முடித்தார். இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

மார்ச்: எதிர்பாராத சோதனை

மாசி மாதக் கடைசியில் பெரியவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வாரம் திரையைப் பார்க்கக் கூடாது என்றார்கள். அந்த இரண்டு வாரத்தில் உறவில் மூன்று கல்யாணங்கள். யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்று பார்க்க வீட்டில் எவராலும் முடியவில்லை. குறியீட்டு எண்கள் அவர் மனத்தில் மட்டுமே இருந்தன. நிரலில் பெயரைக் கொண்டு தேட வேண்டுமானால் அவர் எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரிய வேண்டும். மருமகள் ஒரு பெயரை நான்கு விதமாக அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கடைசியில் மூன்று கல்யாணங்களுக்கும் பெரியவரின் மனைவி தம் நினைவிலிருந்து தொகை சொன்னார். பிறகு சரிபார்த்தபோது இரண்டு சரியாக இருந்தன. ஒன்றில் 500 ரூபாய் குறைவாகச் செய்திருந்தார்கள். அதை நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

அப்போதுதான் நான் அந்த அம்மாவிடம் முதன்முறையாகப் பேசினேன். நவம்பரிலிருந்து அந்த வீட்டுக்கு எட்டு முறை போயிருந்தும், இந்தக் கணினியில் அவருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்ற எண்ணத்தில் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை. விசேஷங்களுக்குப் போய் வருபவர் அவர். உறவுமுறை, ஊர், வகையறா எல்லாம் தெரிந்தவர் அவர். பெரியவர் கணக்கை வைத்திருந்தார். கணக்கைப் பயன்படுத்தியவர் அவர் மனைவி. தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கில எழுத்து தெரியாது. 29 ஆண்டுகளாகப் பெரியவர் திரையைப் பார்த்து வாசித்துச் சொல்ல, இவர் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். “அவுக இல்லாதப்ப நான் யாரைக் கேக்குறது?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழ்ப் பட்டியல்

ஏப்ரலில் பெரியவரையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினோம். நிரலை மாற்றுவதில்லை என்று முடிவானது. அவர் பதிவது அப்படியே நடக்கும். லினக்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு அட்டவணை வைத்து, ஒவ்வொரு குறியீட்டு எண்ணுக்கும் எதிரே பெயர், ஊர், உறவுமுறை மூன்றையும் தமிழில் எழுதுவது. இரவில் நகலெடுக்கும் ஸ்கிரிப்டே தொகைகளை டிபிஎஃப் கோப்பிலிருந்து எடுத்து அந்தத் தமிழ் அட்டவணையோடு எண்ணைக் கொண்டு பொருத்தி, அச்சிடவும் கைபேசிக்கு அனுப்பவும் ஏற்ற பட்டியலாக்குவது. டாஸுக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சியில் இறங்க வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது, ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ் அந்த அடுக்கில் ஏறவே ஏறாது என்பதால்தான்.

அம்மா சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் பேத்தி தமிழ்99 விசைப்பலகையில் அடித்தார். இரண்டரை மாதம், பெரும்பாலும் ஞாயிறு பிற்பகல்களில் நடந்த வேலை. நான் அந்த வீட்டில் பார்த்தவற்றில் இதுவே பயன் மிகுந்தது. 412 எண்களில் 23 எண்கள் இரட்டைப் பதிவுகள் என்று தெரிய வந்தது. குழந்தைவேலு என்ற பெயரின் ழகரத்துக்கு ஒரு காலத்தில் ‘எல்’ போட்டிருக்கிறார், பின்னொரு காலத்தில் ‘இசட்’ போட்டிருக்கிறார். தேடியபோது கிடைக்காததால் அதே குடும்பத்துக்குப் புதிய எண் கொடுத்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் ஒன்றாகிப்போன இரு வேறு குடும்பங்களும் இருந்தன. ஒருவர் வள்ளியப்பன், மற்றவர் வல்லியப்பன். அவர்களுடைய வரவுகள் ஒரே எண்ணில் கலந்திருந்தன. அம்மாவின் நினைவையும் பரணிலிருந்த பழைய நோட்டுகளையும் கொண்டு பிரித்தோம்.

இன்னொரு பிழையும் சிக்கியது. 2000 ஜனவரியில் சில பதிவுகளின் ஆண்டு 1900 என்று இருந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடித்தால் 19 என்றே நிரல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் பெரியவர் அதைக் கண்டு நான்கு இலக்கமாக மாற்றிவிட்டார், ஆனால் அதற்கு முன் பதிந்த 17 வரிகளைத் திருத்தவில்லை. திரையில் பல காலம் பார்த்தும் கண்ணில் படாதது, தேதி வரிசையில் அச்சிட்டபோது முதல் பக்கத்திலேயே வந்து நின்றது.

மே மாதக் கோடை மழையில் மின்சாரம் போய், அன்று பதிந்த 11 வரிகள் மறுநாள் நிரலில் காணவில்லை. வரிகள் கோப்பில் இருந்தன. மொத்தம் எத்தனை வரி என்று கோப்பின் தலைப்பகுதியில் எழுதும் எண் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. அதைத் திருத்தி மீட்டோம். ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் டிஸ்க்கில் எழுதிவிடச் சொல்லும் ஒரு கட்டளையைப் பெரியவரே நிரலில் சேர்த்தார். யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கினோம், பிப்ரவரியிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

விளைவு

ஆடி, ஆவணியில் அந்த வீட்டார் 31 மொய் விருந்துகளுக்குப் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் முந்தைய இரவு, தமிழ்ப் பட்டியலிலிருந்து அந்தக் குடும்பத்தின் பக்கத்தை அம்மாவே பேத்தியின் கைபேசியில் பார்த்துத் தொகை குறித்தார். பெரியவர் திரும்பி வந்ததும் நீலத் திரையில் பதிந்தார். தொகையில் பிழை எதுவும் வரவில்லை. கலந்துபோயிருந்த இரு குடும்பங்களில் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாகக் குறைவாகச் செய்து வந்தது தெரிந்ததால், இந்த ஆவணியில் கூட்டிச் செய்தார்கள்.

பழைய 486 பரணில் இருக்கிறது, பேட்டரி கழற்றிய நிலையில். மடிக்கணினி மருமகளின் வேலைக்குப் போயிற்று. வங்கி, மின்கட்டணம், விண்ணப்பங்கள் எல்லாம் அதில் நடக்கின்றன. அவற்றுக்கு டாஸை யாரும் நினைத்துப் பார்க்கவும் இல்லை, பார்க்கவும் கூடாது. இன்றைய பாதுகாப்பு இணைப்புகளைக் கேட்கும் வங்கித் தளம் எதையும் டாஸ் உலாவிகளில் நம்பித் திறக்க முடியாது.

எதை மாற்றிச் செய்திருப்பேன்

டிஸ்க்கைப் படிமமெடுக்கும் முன் அதை இயக்காமல் விட்டதை மறுபடியும் அப்படியே செய்வேன். மடிக்கணினிச் சோதனையை மூன்று வாரம் தனியே விடாமல், முதல் நாளே அருகில் உட்கார்ந்து பார்த்திருப்பேன். ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கக்கூடியதற்கு மூன்று வாரம் போயிற்று. ஃப்ரீடாஸை நேரடியாக நிறுவும் முன், வீட்டிலிருக்கும் பிரிண்டர் எந்த வகை என்று பார்த்திருப்பேன். அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, பட்டியலை யார் பதிகிறார் என்பதோடு யார் படிக்கிறார் என்பதையும் நவம்பரிலேயே கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் தமிழ்ப் பட்டியல் மாசிக்குள் முடிந்திருக்கும்; அந்த 500 ரூபாய்க் குறைவும் நேர்ந்திருக்காது. இப்போது புதிய குடும்பம் ஒன்று கணக்கில் சேரும்போது, அம்மா தமிழில் பெயர் சொல்லிப் பேத்தி அடித்த பிறகே பெரியவர் அதற்கு எண் கொடுக்கிறார். ஆகஸ்ட் கடைசியில் நான் போயிருந்த அன்று 419-ஆம் எண் போட்டார்.